கெரிஸ் எந்தக் காலத்தது, எந்த ஊருடையது: கணிப்பது எப்படி?

2020 மார்ச் மாதம் நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர் இந்தோனேசியாவுக்குச் சென்றபோது, போகோர் அரண்மனையில் ஒரு குத்துவாள் காட்சிக்கு வைக்கப்பட்டது. டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸ் அது. ஒரு வாரத்துக்கு முன்பு தி ஹேக் நகரில் இந்தோனேசியத் தூதரிடம் அது முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய அந்த ஆயுதத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் ஒருபுறம் இருக்க, கெரிஸ் அறிந்தவர்கள் பலர் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: "இது அதே கத்திதானா?"

2023 ஜூலையில் நெதர்லாந்து இந்தோனேசியாவுக்கு 472 பொருள்களையும் இலங்கைக்கு 6 பொருள்களையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. பாலித் தீவின் குளுங்குங் அரசுக்குரிய கெரிஸ் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்னும் பல திரும்பும். ஒவ்வொரு முறையும் இதே ஐயம் எழும். ஒரு பழைய இரும்புத் துண்டு எந்த நூற்றாண்டில், எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கெரிஸ் என்பது என்ன

ஜாவாவில் உருவாகி, பாலி, மதுராத் தீவு, சுமாத்ரா, சுலாவெசி, மலாய் தீபகற்பம், தெற்குத் தாய்லாந்தின் பத்தானி, பிலிப்பைன்சின் தெற்குத் தீவுகள் வரை பரவிய குத்துவாள் இது. தமிழில் கிரிஸ் என்றும் எழுதுவதுண்டு. பாம்பு நெளிவது போன்ற அலகுதான் எல்லோர் நினைவிலும் நிற்கும். ஆனால் நெளிவே இல்லாத நேரான கெரிஸ்களும் ஏராளம். கெரிசை மற்றக் கத்திகளிலிருந்து பிரிப்பது நெளிவு அன்று. அலகின் அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் அகன்று, சமச்சீரில்லாமல் நிற்பதே அதன் அடையாளம்.

இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை:

1. வீலா: அலகு. அதன் அடியில் கைப்பிடிக்குள் நுழையும் காம்புக்குப் பெசி என்று பெயர்.
2. கஞ்சா: அலகின் அடியில், காம்பில் கோத்துப் பொருத்தும் தனி இரும்புத் துண்டு. நம் ஊர்ச் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை.
3. லுக்: நெளிவு. இரு பக்கமும் மாறி மாறி எண்ணுவார்கள். முதல் நெளிவும் கடைசி நெளிவும் ஒரே பக்கத்தில் விழும்படி அடிப்பதால் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை.
4. தாப்புர்: அலகின் வடிவ வகை. நெளிவுகளின் எண்ணிக்கையும் அடிப்பகுதியில் செதுக்கிய சிறு உறுப்புகளும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன.
5. பாமோர்: அலகின் மேல் வெள்ளிக் கோடுகளாகத் தெரியும் உலோக வேலைப்பாடு.
6. எம்பு: கெரிஸ் அடிக்கும் கொல்லர்.
7. தங்குஹ்: ஒரு கெரிஸ் எந்தக் காலத்து, எந்த அரசின் பாணி என்னும் கணிப்பு.

கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஜாவானியர்களே தங்கள் முறைக்குக் கணிப்பு என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரும் ஆண்டும் பொறித்த வாள்களை ஜப்பானில் நிறையக் காணலாம். ஜாவாவின் எம்புகளோ தங்கள் வேலையில் பெயர் பொறிப்பதில்லை. ஆண்டு பொறித்த கெரிஸ் மிக மிக அரிது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கெரிசுக்கு ஒரே வயது கிடையாது

"இது எத்தனை ஆண்டுப் பழையது?" என்று கேட்கிறவர் கையில் இருப்பது ஒரே பொருள்போல் தோன்றும். உண்மையில் அது குறைந்தது நான்கு பொருள்களின் சேர்க்கை: அலகு, கஞ்சா, கைப்பிடி, உறை. நான்கும் நான்கு காலத்தவையாக இருக்கலாம்.

கைப்பிடி காம்பின் மேல் செருகித்தான் நிற்கிறது. துணியோ நூலோ சுற்றி இறுக்கியிருப்பார்கள். சில இடங்களில் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். எளிதில் கழற்றலாம், மாற்றலாம். மரத்தாலான உறை வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் தாங்காது. வெடிக்கும், செல்லரிக்கும். வசதி வந்த தலைமுறை பழைய அலகுக்குப் புதிய பொன் உறை செய்து பூட்டும். நொடித்துப்போன தலைமுறை உறையின் பொன் தகட்டை விற்றுவிட்டு அலகை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆகவே உறையின் பாணியைப் பார்த்து அலகின் ஊரைச் சொல்வது, மாற்றிக் கட்டிய அட்டையைப் பார்த்துப் புத்தகத்தின் வயதைச் சொல்வதற்குச் சமம். ஏலப் பட்டியல்களில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான் என்பது என் துணிபு.

ஆனால் உறையும் பயன்படும் ஓர் இடம் உண்டு. 1755இல் கியாந்தி உடன்படிக்கையால் மாத்தாராம் அரசு சுரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிளந்தது. அதன்பின் இரண்டு அரண்மனைகளும் தத்தமக்கென்று உறைப் பாணியை வளர்த்துக்கொண்டன. படகு போன்ற சடங்கு உறை சுரகர்த்தாவில் லாத்ராங், யோக்யகர்த்தாவில் பிராங்கா. சுரகர்த்தாவினது மெல்லியதாக நீண்டு ஓடும். யோக்யகர்த்தாவினது குறுகித் திரண்டிருக்கும். இந்தப் பாணியில் தெளிவாக அமைந்த உறை 1755க்கு முந்தியதாக இருக்க முடியாது. உள்ளே இருக்கும் அலகைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் உறைக்கு ஒரு கீழ் எல்லை கிடைத்துவிட்டது.

கஞ்சாவுக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில் அலகின் அடியைக் கண்ணருகே கொண்டுவந்தால், அலகும் கஞ்சாவும் சேரும் இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். பாமோரின் வெள்ளிக் கோடுகள் அந்த இணைப்பைத் தாண்டி எப்படிப் போகின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே உலையில் பிறந்தவை என்றால் இரும்பின் நிறமும் மணியும் ஒத்திருக்கும். அலகு சாம்பல் கறுப்பு, கஞ்சா நீலக் கறுப்பு என்று இருந்தால், அல்லது இணைப்பில் இடைவெளி விட்டு ஒளி கசிந்தால், பழைய கஞ்சா துருப்பிடித்துப் போய் வேறொன்று பொருத்தப்பட்டிருக்கலாம். கஞ்சாவின் ஓரத்தில் முள்முள்ளாகச் செதுக்கிய கிரெனெங் என்ற பகுதியும் அங்கேயே இருக்கிறது. அந்த முட்களில் ஜாவானிய எழுத்தான 'த'வின் உருவம் திரும்பத் திரும்ப வரும். கைதேர்ந்த எம்பு அரம் பிடித்து வெட்டிய முள்ளுக்கு ஆழமும் கூர்மையும் இருக்கும். அவசரத்தில் செய்தது வெறும் பல்வரிசையாக நிற்கும்.

தங்குஹ் எப்படி வேலை செய்கிறது

ஜாவானிய மரபு கெரிஸ்களை அரசுகளின் பெயரால் வகைப்படுத்துகிறது: பஜஜாரான், மஜபாஹித், பிளம்பாங்கான், தூபான், தெமாக், பஜாங், மாத்தாராம், கர்த்தசூரா, சுரகர்த்தா, யோக்யகர்த்தா என்று பட்டியல் நீளும். கெரிசைக் கையில் வாங்கும் வல்லுநர் பார்ப்பவை இவை:

1. இரும்பின் நிறமும் மணியும். அடர்த்தியா, துளைத்தன்மையா, ஈரம் போன்ற பளபளப்பா, உலர்ந்த தோற்றமா?
2. அலகின் மொத்த உருவம். மெலிந்து நீண்டதா, அகன்று கனத்ததா, கைப்பிடியிலிருந்து எவ்வளவு சாய்ந்து நிற்கிறது?
3. அடிப்பகுதியின் சிறு உறுப்புகள். துதிக்கைபோல் சுருளும் கொக்கி, அதன் கீழே 'யானை உதடு' எனப்படும் முனைகள், கட்டைவிரல் அழுத்தியது போன்ற குழி ஆகியவற்றின் அளவும் விகிதமும்.
4. கஞ்சாவின் உருவம். பக்கவாட்டில் நேர்க்கோடா, வளைவா? மேலிருந்து பார்த்தால் பல்லியின் தலையும் வாலும்போல் எப்படி ஒடுங்குகிறது?
5. எடை. கையில் இலேசா, கனமா?

நெடுங்காலம் பல்லாயிரம் கெரிஸ்களைத் தொட்டுப் பழகிய கைக்கு இது உண்மையிலேயே பேசும். நாதசுவரத்தைக் கேட்டே வாசிப்பவர் எந்தப் பரம்பரை என்று சொல்லிவிடும் காதைப் போன்றது அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தங்குஹ் முதன்மையாகப் பாணியின் பெயர். மஜபாஹித் பாணியில் 18ஆம் நூற்றாண்டு எம்பு ஒரு கெரிஸ் அடித்தால் அது மஜபாஹித் தங்குஹ் என்ற பெயரைப் பெறக்கூடும். இன்றும் ஒருவர் அதே பாணியில் அடிக்கலாம். பழைய வடிவங்களைப் போற்றி மறுபடி செய்வது அந்தக் கலையில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. பெருமைக்குரியதாகவே கருதப்படுகிறது. "மஜபாஹித் தங்குஹ்" என்று எழுதிய அட்டையை "14ஆம் நூற்றாண்டு" என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இரும்பு என்ன சொல்கிறது

கெரிசின் அலகு ஒரே இரும்பால் ஆனதன்று. நடுவில் கடினமான எஃகு. இரண்டு பக்கமும் சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, மடித்து, மறுபடி அடித்துச் சேர்த்த தகடுகள். அடித்து முடித்ததும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அதன்பின் எலுமிச்சைச் சாற்றில் பாஷாணத்தைக் கரைத்து அலகில் பூசுவார்கள். அந்தக் கலவைக்கு வாரங்ஙான் என்று பெயர். பாஷாணம் பட்டதும் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாகவே நிற்கும். மறைந்திருந்த கோலம் அப்போது எழும். சிதறிய அரிசி, பொன்மழை, இழுத்துச் செல்லும் தென்னங்கீற்று, தர்ப்பூசணித் தோல் என்று அந்தக் கோலங்களுக்குப் பெயர்கள் உண்டு.

காலத்தைக் கணிக்க இங்கே ஒரு நல்ல பிடி கிடைக்கிறது, ஏனென்றால் நிக்கல் வந்த வழி காலத்துக்குக் காலம் மாறியது. சுலாவெசியின் லூவு பகுதியிலிருந்து நிக்கல் கலந்த இரும்பு ஜாவாவுக்கு வணிகமாக வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரம்பானான் அருகே கிடந்த விண்கல்லின் துண்டுகள் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டன. அதில் ஏறத்தாழ 9 விழுக்காடு நிக்கல் இருந்தது. அரண்மனைக் கொல்லர்கள் அதைப் பாமோருக்குப் பயன்படுத்தினார்கள். பின்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த நிக்கல் எளிதாகக் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆலையில் செய்த தூய நிக்கல் தகடே பட்டறைக்கு வந்துவிட்டது. தூய நிக்கலில் செய்த பாமோர் கண்ணாடிபோல் பளிச்சிடும், விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். பழைய பாமோர் சற்று மங்கி, இரும்போடு கரைந்து நிற்கும். "விண்கல்லால் செய்தது" என்று விற்கப்படும் கெரிஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்கல்லோடு எந்த உறவும் கிடையாது. மேலே சொன்ன அந்த ஒரு கல்லின் துண்டுகள் அரண்மனைக்குள் போனவை, சந்தைக்கு வந்தவை அல்ல.

தேய்மானம் வயதுக்குச் சான்றாகுமா

ஓரம் கடித்தாற்போல் அரித்து, கத்தி மெலிந்து, மேடுபள்ளமாக இருந்தால் மிகப் பழையது என்று நம்புவது இயல்பு. ஆனால் ஜாவாவில் சூரோ மாதம், அதாவது முகரம், வரும்போது குடும்பக் கெரிசை எடுத்துக் கழுவி, துரு நீக்கி, மறுபடி பாஷாணம் பூசும் வழக்கம் உண்டு. ஒவ்வொரு கழுவலிலும் புளிப்பு கொஞ்சம் இரும்பைத் தின்னும். ஆண்டுதோறும் கழுவிய 150 ஆண்டுக் கெரிஸ், எண்ணெய் பூசிப் பெட்டியில் கிடந்த 400 ஆண்டுக் கெரிசைவிட நைந்து காணப்படலாம். பாலியில் அலகை வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் உள்ளதால் அங்குள்ள பழைய அலகுகளும் புதியனபோல் மின்னும். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரச சேகரங்களின் பட்டியல்களில் பதிவான ஜாவானியக் கெரிஸ்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. கப்பலேறிய நாளிலிருந்து யாரும் அவற்றைக் கழுவவில்லை. அதனால் அவற்றின் செதுக்கு விளிம்புகள் கூர்மை கெடாமல் நிற்கின்றன.

போலி செய்பவர்களுக்கும் இது தெரியும். புதிய அலகை அமிலத்தில் ஊறவைத்து, மண்ணில் புதைத்து எடுத்துப் பழமை ஏற்றுகிறார்கள். அப்படி அரித்த அலகில் எல்லா இடமும் ஒரே அளவில் தின்னப்பட்டிருக்கும். கை படும் இடம், உறைக்குள் உரசும் இடம், முனை ஆகியவை வெவ்வேறு விதமாகத் தேய்வது உண்மையான பயன்பாட்டின் அடையாளம். காம்பையும் பார்க்க வேண்டும். அலகு நைந்திருக்க, கைப்பிடிக்குள் மறைந்த காம்பு மட்டும் தடித்து முழுதாக இருந்தால் ஐயப்படலாம். உடைந்த காம்பை மாற்றியிருக்கலாம் என்பதால் அதுவும் தனித்து நிற்கும் சான்றாகாது.

மதுராத் தீவின் சுமெனெப் பகுதியில் ஆயெங் தோங்-தோங் என்ற ஊர் முழுக்கக் கெரிஸ் செய்யும் குடும்பங்கள். யோக்யகர்த்தா அருகே ஏறத்தாழ நின்றுபோயிருந்த உலையை 1970களில் எம்பு ஜெனோ ஹரும்ப்ரோஜோ மீண்டும் மூட்டினார். இன்று செய்யப்படும் நல்ல கெரிஸ்கள் கலைப்பொருள்களே. அவற்றைப் பழையவை என்று விற்பதுதான் பிழை.

ஆய்வகம் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைக் கையில் பிடித்து அலகின் மேல் வைத்தால், மேற்பரப்பில் உள்ள தனிமங்கள் தெரியும். நிக்கல் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று அறியலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஆலைகளில் செய்த எஃகில் மாங்கனீசு கூடுதலாக இருக்கும், கசடு மிகக் குறைவாக இருக்கும். பழைய கரி உலை இரும்பில் கசடு இழை இழையாக ஓடும். ஆகவே ஓர் அலகு ஆலை எஃகால் ஆனது என்று தெரிந்தால் "இது மஜபாஹித் காலத்தது" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆய்வகத்தின் பெரிய வலிமை இப்படி மறுப்பதில்தான் இருக்கிறது.

உறுதிப்படுத்துவது கடினம். கரியால் உருக்கிய இரும்பில் அந்தக் கரியின் கார்பன் கொஞ்சம் தங்கிவிடும். அதைக் கொண்டு கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கலாம். ஆனால் அதற்கு அலகிலிருந்து மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். குலச்சொத்தாகப் போற்றும் கெரிசை யார் வெட்டக் கொடுப்பார்கள்? கொடுத்தாலும், கிடைக்கும் விடை மரம் வாழ்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர அலகு அடித்த காலத்தைச் சொல்லாது. பழைய இரும்பையே மீண்டும் உருட்டி அடிப்பது கொல்லர்களின் அன்றாட வழக்கம். உடைந்த கலப்பையும் நங்கூரமும்கூடக் கெரிசாக முடியும்.

எந்த ஊர்?

வயதைவிட ஊரைச் சொல்வது சற்று எளிது. பாலிக் கெரிஸ் ஜாவாவினதைவிடப் பெரியது, கனமானது. தெய்வ உருவமாகச் செதுக்கிப் பொன்னும் மணியும் பதித்த கைப்பிடிகள் அங்கே அதிகம். மதுராவின் கைப்பிடிகளில் கிரீடம், சிறகுள்ள குதிரை என்று ஐரோப்பியச் சின்னங்கள் நுழைந்திருக்கும். சுமாத்ராவில் ஒடுங்கி நீண்ட கெரிஸ் பாஞ்சாங். மலாய் தீபகற்பத்தில் குளிரில் ஒடுங்கி அமர்ந்தவன் போன்ற கைப்பிடிக்கு ஜாவா டெமாம், அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன், என்று பெயர். பத்தானியின் தாஜோங் கைப்பிடியில் நீண்ட மூக்குடைய முகம். மீன்கொத்தி என்று பலரும் அதை அழைத்தாலும் அது பூதமுகமே என்பவர்களும் உண்டு.

பிலிப்பைன்சின் சூலு, மகிந்தானாவோ மக்களின் கிரிஸ் ஒரு வெட்டுவாள். அளவில் பெரியது, குத்துவதைவிட வீசுவதற்கானது. அதில் வயது கணிக்கச் சேகரிப்பாளர்கள் நம்பும் ஓர் அடையாளம் கஞ்சாதான். பழையவற்றில் கஞ்சா தனித் துண்டு. 20ஆம் நூற்றாண்டில் செய்தவற்றில் அலகோடு ஒன்றாகவே அடித்து, பிரிவைக் காட்டக் கோடு மட்டும் கீறியிருப்பார்கள். ஜாவாவில் அவ்வளவு குழப்பும் அதே உறுப்பு இங்கே ஏறத்தாழ நேரான விடை தருகிறது.

ஊர் அடையாளத்துக்கும் ஒரு பொறி உண்டு. மனிதர்கள் நகர்ந்தார்கள், கத்திகளும் நகர்ந்தன. 1669இல் மக்காசார் டச்சுக்காரரிடம் வீழ்ந்த பின் சுலாவெசியின் புகிஸ் மக்கள் கடலோடிகளாகவும் படைவீரர்களாகவும் ரியாவ், சிலாங்கூர் வரை பரவி அரசுகளையே அமைத்தார்கள். புகிஸ் பாணிக் கெரிஸ் என்றால் சுலாவெசியில் அடித்தது என்று எண்ண முடியாது. இலங்கையும் இந்தக் கதையில் வருகிறது. ஜாவாவின் அரசர் மூன்றாம் அமங்குராத்தை டச்சுக்காரர்கள் 1708இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். நாடுகடத்தப்பட்ட பிரபுக்களோடும் டச்சுப் படையில் சேர்ந்த வீரர்களோடும் கெரிஸ்களும் கொழும்பில் இறங்கின. இலங்கை மலாய்க் குடும்பம் ஒன்றில் கெரிஸ் இருந்தால் அது எங்கே அடிக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை கடலுக்கு அப்பால் இருக்கும்.

நங்கூரங்கள்

கணிப்பு மிதந்து போகாமலிருக்க, தேதி உறுதியான சில பொருள்கள் வேண்டும். அவை மிகக் குறைவு. க்நாவுட் கெரிஸ் எனப்படுவதில் சக ஆண்டு 1264 பொறிக்கப்பட்டுள்ளது. நம் கல்வெட்டுகளில் வரும் அதே சக ஆண்டுதான். 78 கூட்டினால் 1342. மஜபாஹித் அரசின் உச்சக் காலம். அலகின் மேல் செப்புத் தகடு போர்த்தி இராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். யோக்யகர்த்தாவின் ஐந்தாம் பாகு ஆலம் 19ஆம் நூற்றாண்டில் க்நாவுட் என்ற டச்சுக்காரருக்கு அதைக் கொடுத்தார்.

இரண்டாவது, லாவு மலைச் சரிவில் உள்ள சுகுஹ் கோயில், 15ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு புடைப்புச் சிற்பம் கெரிஸ் உலையையே காட்டுகிறது. இடப்பக்கம் பீமன் அலகு அடிக்கிறான், நடுவில் பிள்ளையார் ஆடுகிறார், வலப்பக்கம் அருச்சுனன் நின்றபடி துருத்தி இயக்குகிறான். சுற்றிலும் செய்து முடித்த ஆயுதங்கள். அந்தக் கல்லில் தெரியும் கெரிசின் உருவம், அந்த நூற்றாண்டில் இவ்வடிவம் முழுமை பெற்றிருந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் தோமே பிரெஸ், ஏழையானாலும் பணக்காரனானாலும் ஒவ்வொரு ஜாவானியனின் வீட்டிலும் கெரிஸ் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்.

திபோநெகோரோவின் கெரிசுக்குத் திரும்புவோம்

ஐந்து ஆண்டு ஜாவாப் போருக்குப் பின் 1830 மார்ச் 28இல் மாகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் திபோநெகோரோ கைது செய்யப்பட்டார். அவருடைய கெரிஸ் 1831இல் மன்னர் முதலாம் வில்லெமுக்குப் பரிசாகப் போய், தி ஹேக்கின் அரச அரும்பொருள் காட்சியகத்தில் சேர்ந்தது. 1883இல் அந்தக் காட்சியகம் கலைக்கப்பட்டபோது பொருள்கள் லெய்டன் அருங்காட்சியகத்துக்கு மாறின. கெரிஸ் ஓரிடம், அதைப் பற்றிய தாள்கள் ஓரிடம் என்று பிரிந்தன. 1970களில் இளவரசரின் சேணம் உள்ளிட்ட பொருள்கள் இந்தோனேசியாவுக்குத் திரும்பியபோது கெரிஸ் எது என்று காட்ட ஆளில்லை. நூற்றுக்கணக்கான கெரிஸ்களுக்கு நடுவே அது பெயரின்றிக் கிடந்தது.

அதை மீட்டது தங்குஹ் கணிப்போ ஆய்வகமோ அன்று, ஒரு கடிதம். திபோநெகோரோவின் முன்னாள் படைத்தலைவர் செந்தோத், அந்தக் கெரிசைத் தாம் பார்த்ததாக ஜாவானிய மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது நெதர்லாந்தில் இருந்த ஜாவானிய ஓவியர் ராதென் சாலேஹ், அந்தக் கடிதத்தின் ஓரத்தில் கத்தியின் பெயரான கியாயி நாகா சிலுமான் என்பதற்கு விளக்கம் எழுதினார். கியாயி என்பது மதிப்புக்குரிய பொருளுக்கு இடும் அடைமொழி. நாகா என்பது முடிசூடிய பாம்பு. சிலுமான் என்பது மறையும் ஆற்றல் போன்ற அதிசயத் திறத்தைக் குறிப்பது. இந்த விவரங்களைச் சேகரத்தில் இருந்த கெரிஸ்களோடு பொருத்தி, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, நாகம் செதுக்கிப் பொன் தடயம் எஞ்சிய ஓர் அலகை ஆய்வாளர்கள் அடைந்தார்கள். இந்தோனேசிய வல்லுநர்களும் சரிபார்த்தார்கள்.

சர்ச்சை எங்கே வந்தது? நாகா சிலுமான் என்பது ஒரு தாப்புரின் பெயரும்கூட. அந்த வடிவ வகையில் நாகத்தின் தலை மட்டும் அடியில் இருக்கும், உடல் அலகுக்குள் மறைந்துவிடும். திரும்பி வந்த கெரிசிலோ நாகத்தின் உடல் அலகு நெடுகப் படர்கிறது. அது நாகசஸ்ரா என்ற வேறு வகை. "பெயர் ஒன்று, உருவம் வேறு, ஆகவே கத்தி மாறிவிட்டது" என்றார்கள் எதிர்த்தவர்கள். மறுமொழி இது: கியாயி என்று தொடங்குவது அந்தத் தனிக் கெரிசுக்குச் சூட்டிய பெயர், அதன் வடிவ வகையின் பெயர் அன்று. முத்து என்று பெயர் வைத்த பிள்ளை முத்தாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மறுமொழி எனக்கு வலுவானதாகவே படுகிறது. எதிர்வாதம் தாப்புரையும் பெயரையும் ஒன்றாக்கிப் படித்ததால் எழுந்தது. ராதென் சாலேஹின் விளக்கமும் பெயரின் பொருளைச் சொல்கிறதே தவிர வடிவ வகையைச் சொல்லவில்லை.

கையில் ஒரு கெரிஸ் இருந்தால்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று பல ஊர்களில் குடும்பப் பெட்டிகளில் கெரிஸ்கள் உறங்குகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை:

1. முதலில் எதையும் தேய்க்க வேண்டாம், கழுவ வேண்டாம். உப்புத்தாள் ஒருமுறை பட்டாலே பாமோரும் தேய்மானச் சான்றும் போய்விடும்.
2. அலகைத் தொட்ட பின் கையை நன்றாகக் கழுவ வேண்டும். அதில் பாஷாணம் இருக்கிறது. குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.
3. அலகு, கஞ்சா, கைப்பிடி, உறை நான்கையும் தனித்தனியே, இரு பக்கமும், பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். கைப்பிடி இறுகியிருந்தால் வலிந்து கழற்றக் கூடாது.
4. அது வீட்டுக்கு வந்த கதையை உயிரோடிருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுத வேண்டும்: யார் கொடுத்தது, எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டு. பழைய ரசீது, கடிதம், ஒரு மூலையில் கெரிஸ் தெரியும் திருமணப் படம் என்று எது கிடைத்தாலும் அதோடு சேர்த்து வைக்க வேண்டும்.

நான்காவதை முதலில் செய்யலாம். இரும்பு காத்திருக்கும், பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிட வேண்டும்.